தலைசுத்துக்கு போட்ட மாத்திரையால அப்பாக்க கை நடுங்குமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

குலசேகரத்துக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். எனக்க அப்பாவுக்கு 66 வயசு. முப்பது வருஷத்துக்கு மேல ரப்பர் பால்வெட்டுதான் வேலை, இப்பமும் சொந்தமா நிக்குற கொஞ்சம் மரத்த அவருதான் வெட்டுவாரு, விடியதுக்கு முன்னாடி நெத்தில லைட்ட கெட்டிட்டு இறங்கினாருன்னா வெயில் ஏறதுக்குள்ள முடிச்சிருவாரு. அவருக்க வெட்டு அவ்வளவு சுத்தமா இருக்கும், சீவுற பட்டை ஒரே கனத்துல சுருண்டு விழும், கத்தி உள்தடிய தொடவே தொடாது.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒருநாள் நானும் கூட போனேன். கத்தி பட்டைல நிக்கல்ல. வச்ச இடத்துல டக்டக்குன்னு தட்டிட்டே இருக்கு. நாலஞ்சு மரத்துல காயம் பட்டு உள்தடி வெளிய தெரியுது. சிரட்டைய கம்பில வைக்கும்போ அது கம்பில இடிச்சு இடிச்சு சத்தம் கேக்குது. அவரு ஒண்ணும் சொல்லல்ல, கத்திய துணில துடைச்சு என் கையில தந்துட்டு அங்கன கெடந்த கல்லுல போய் இருந்துட்டாரு. அண்ணைக்கு முழுக்க எனக்கு மனசே சரியில்ல.

பொறவுதான் ஒவ்வொண்ணா கண்ணுல பட்டுது. சட்டை பட்டன் போட நேரம் ஆவுது, நடக்கும்போ கால தூக்காம இழுத்து இழுத்து வைக்காரு, கை ரெண்டும் வீசாம ஒடம்போட ஒட்டி இருக்கு, சீட்டு கணக்கு எழுதுற நோட்டுல எழுத்து வர வர எறும்பு மாதிரி சின்னதாயிட்டே போவுது. மூஞ்சில ஒரு சிரிப்பு கெடையாது, கோவமா இருக்காரோன்னு அம்மா நினைச்சுகிட்டு இருந்திருக்கா. பக்கத்து வீட்டுல எல்லாரும் பார்க்கின்சன், நடுக்குவாதம்னு சொல்லிட்டாவ.

நாகர்கோவில்ல ஒரு நரம்பு டாக்டர்ட்ட காட்டினோம். அவரு சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் எடுன்னாரு. பிரஷர் மாத்திரைய தள்ளி வச்சிட்டு, தலைசுத்துக்குள்ள மாத்திரைய கையில எடுத்து எவ்வளவு நாளா போடுறீங்கன்னு கேட்டாரு. சின்னாரிசின் 25, மூணு நேரமும். ஒன்றரை வருஷம். முதல்ல காட்டின எடத்துல பத்து நாளைக்குதான் எழுதி குடுத்தது, சுத்தல் நின்னதும் நல்ல மாத்திரைன்னு அப்பா காலி அட்டைய கொண்டு போய் கடையில காட்டி காட்டி வாங்கிட்டே இருந்திருக்காரு, கடைக்காரரும் ஒண்ணும் கேக்காம குடுத்திருக்காரு. டாக்டர் இத நிறுத்துங்க, ரெண்டு மாசம் கழிச்சு வாங்கன்னு சொல்லிட்டாரு. வேற மருந்து ஒண்ணும் தரல்ல. வெளிய கூட்டம், எனக்கும் அந்த நேரம் வாய் வரல்ல, கேக்காம வந்துட்டேன்.

எனக்க சந்தேகம் இதுதான். காதுக்கும் தலைசுத்துக்கும் போடுற மாத்திரை கைய எப்பிடி நடுங்க வைக்கும்? ரத்தத்துல கலந்து எல்லா எடத்துக்கும் போவுதுன்னா மத்தது எல்லாம் ஏன் கெடல்ல? உண்மையிலயே பார்க்கின்சனா இருந்து நாம ரெண்டு மாசத்த வீணாக்குறோமோன்னு ராத்திரி உறக்கமே இல்ல. இது போக அவரு காலத்த ஒரு கேஸ் கேப்சூல் போடுவாரு, அத டாக்டர்ட்ட காட்டல்ல, அத ஒரு மருந்தாவே அவரு நினைக்கல்ல.

மார்த்தாண்டம் பார்மசி அக்கா

தம்பி, முதல்ல பயப்படாதீங்க, உங்க டாக்டர் சரியான எடத்துல கைய வச்சிருக்காரு. நான் பி.பார்ம் படிச்சிட்டு 14 வருஷமா மெடிக்கல் ஸ்டோர்ல நிக்கேன், இந்த மாதிரி நாலஞ்சு பேர கண்ணால பாத்திருக்கேன்.

மூளையில டோபமைன்னு ஒரு ரசாயனம் இருக்கு. ஒரு நரம்பு செல் அத விடும், அடுத்த செல்லுல அதுக்குன்னு உள்ள எடத்துல போய் உக்காரும், உக்காந்தாதான் சேதி போய் சேரும். அந்த எடத்துக்கு ரிசெப்டர்னு பேரு. திங்கச்சந்தை அண்ணைக்கு பஸ்ல கூட்டத்துக்குள்ள ஜன்னல் வழியா துண்ட போட்டு சீட்டு பிடிப்பாங்கல்லா, சின்னாரிசின் அத மாதிரி டோபமைனுக்குள்ள சீட்டுல துண்ட போட்டு வச்சிரும். அதுவா உக்காந்து சேதி சொல்லவும் செய்யாது, டோபமைன உக்கார விடவும் செய்யாது. டோபமைன் பாவம், பஸ்சுக்குள்ளயே நிக்கும், சீட்டு இருக்காது.

அது செய்யணும்னு நாம குடுக்குற வேலை வேற. காதுக்குள்ள நிலை பாக்குற செல்லுல கால்சியம் ஏறுறத குறைச்சு, ஹிஸ்டமின் ரிசெப்டரையும் அடைச்சு, சுத்தல அடக்கும். அத நல்லாவே செய்யும். ஆனா அந்த மூலக்கூறோட உருவம் டோபமைன் சீட்டுக்கும் பொருந்திப் போச்சு, கொழுப்புல கரையுற பொருளா இருக்கதால மூளை ரத்தக்குழாயில உள்ள தடுப்பையும் தாண்டி உள்ள போயிரும். பத்து நாள் போட்டா பெருசா ஒண்ணும் தெரியாது, மாசக்கணக்கா போட்டா, அதுவும் வயசானவங்களுக்கு, இப்பிடி காட்டிக் குடுத்துரும். வயசு ஏற ஏற டோபமைன் செய்யுற செல் எல்லாருக்குமே குறைஞ்சுட்டு வரும், அதனால இருபது வயசு பையன் தாங்குறத அறுபத்தாறு வயசு தாங்காது.

இப்பம் முக்கியமான காரியம். அந்த கேஸ் கேப்சூல் அட்டைய எடுத்து பின்னாடி பொடி எழுத்துல என்ன இருக்குன்னு வாசிச்சு இங்க போடுங்க. மேல உள்ள பேரு வேண்டாம், உள்ள உள்ள மருந்துக்க பேரு.

குலசேகரத்துக்காரன்

அக்கா, போன்ல வெளிச்சம் போட்டு பாத்தேன். ரேபிப்ரசோல் 20, லீவோசல்பிரைடு 75 மில்லிகிராம். இது ஒரு வருஷத்துக்கு மேல ஓடுது.

மார்த்தாண்டம் பார்மசி அக்கா

அதத்தான் நினைச்சேன். ரேபிப்ரசோல் அமிலத்த குறைக்கது, அதுக்கும் நடுக்கத்துக்கும் சம்மந்தம் இல்ல. லீவோசல்பிரைடு அதே டோபமைன் சீட்டுல துண்டு போடுற இன்னொரு ஆளு. வயித்துல டோபமைன் இரைப்பைக்க அசைவ மெதுவாக்கும், அத அடைச்சா சாப்பாடு சீக்கிரம் கீழ எறங்கும், வயிறு உப்புசம் குறையும், அதுக்காக சேத்திருக்காங்க. ஆனா அது மூளைக்கும் போவும். ஒரே சீட்டுக்கு ரெண்டு துண்டு, ஒரு துண்ட டாக்டர் எடுத்துட்டாரு, மத்தது அங்கனயே கெடக்கு. அப்பிடியே விட்டிருந்தா ரெண்டு மாசம் கழிச்சு போயும் நடுக்கம் குறையாம, கடைசில பார்க்கின்சன்னே எழுதியிருப்பாங்க.

நாளைக்கே அட்டையோட டாக்டர போய் பாருங்க, இல்லன்னா போன்ல கேளுங்க. வெறும் ரேபிப்ரசோல் மட்டும் போதுமான்னு அவரு சொல்லட்டும். பிரஷர் மாத்திரைல கை வைக்காதீங்க. இதே பேச்ச கேட்டு வேற யாராவது மனநோய்க்கு சாப்பிடுற மாத்திரைய தானா நிறுத்திராதீங்க, அதுலயும் இதே சீட்டத்தான் அடைப்பாங்க, ஆனா அங்க அதுதான் வைத்தியமே, அளவ மாத்துறது டாக்டர் வேலை.

வாந்திக்கு குடுக்குற மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின் ரெண்டும் இதே கூட்டம்தான். டாம்பெரிடோன் மூளைக்குள்ள ரொம்ப போவாது, அதனாலதான் பார்க்கின்சன் உள்ளவங்களுக்கு வாந்தி வந்தா அத யோசிப்பாங்க, ஆனா இருதயத்துக்கு சில பேருக்கு ஆகாது.

ஓய்வு விலங்கியல் வாத்தியார், வடசேரி

மக்களே, "ரத்தத்துல எல்லா எடத்துக்கும் போவுதே, மத்தது ஏன் கெடல்ல"ன்னு நீ கேட்டது நல்ல கேள்வி. பிளஸ் டூ பசங்க இத கேக்கணும்னு எத்தனையோ வருஷம் காத்துட்டு இருந்திருக்கேன்.

நரம்புக்கு நரம்பு கரண்டுலயே பேசுதுன்னு ரொம்ப காலம் நினைச்சாங்க. 1921ல ஓட்டோ லோவின்னு ஒருத்தரு ரெண்டு தவளை இருதயத்த தனித்தனியா உப்புத் தண்ணில துடிக்க விட்டாரு. ஒண்ணுக்க நரம்ப தூண்டினாரு, அது மெதுவா துடிச்சுது. அந்த இருதயம் கெடந்த தண்ணிய எடுத்து நரம்பே இல்லாத மத்த இருதயத்துல விட்டாரு, அதுவும் மெதுவாச்சு. அப்பம் நரம்பு ஏதோ ஒண்ண தண்ணிக்குள்ள விட்டிருக்குன்னுதான அர்த்தம். அது அசிடைல்கோலின். 1936ல ஹென்றி டேலோட சேந்து நோபல் வாங்கினாரு. நரம்பு மருந்து எல்லாத்துக்கும் அடித்தளம் இந்த தண்ணிதான், பேச்சு ரசாயனத்துல நடக்குறதாலதான் ஒரு மாத்திரையால நடுவுல புகுந்து அத கூட்டவோ குறைக்கவோ முடியுது.

மருந்து எல்லா எடத்துக்கும் போவத்தான் செய்யும், ஆனா அதுக்கு பொருந்துற சீட்டு எங்க இருக்கோ அங்கதான் ஒட்டும். டி2ங்குற இந்த டோபமைன் சீட்டு நாலு எடத்துல முக்கியமா இருக்கு. மூளைத்தண்டுல வாந்திய கெளப்புற எடம், அங்க ரத்தத் தடுப்பும் அவ்வளவு கெட்டி இல்ல, அதனால அடைச்சா வாந்தி நிக்கும். பிட்யூட்டரி சுரப்பி, அங்க அடைச்சா புரோலாக்டின்னு பால் சுரக்க வைக்குற ஹார்மோன் கூடி ஆம்பளைக்கும் மார்பு வீங்கும், பொம்பளைக்கு தீட்டு தள்ளிப் போவும். வயிறு, அத அக்கா சொல்லிட்டாங்க. நாலாவது மூளைக்கு அடியாழத்துல உள்ள ஸ்ட்ரையேட்டம், நம்ம அசைவுக்க பிரேக்கு அங்க இருக்கு. டோபமைன் அந்த பிரேக்க கொஞ்சம் இளக்கிப் பிடிச்சாதான் கை கால் லேசா அசையும், சீட்ட அடைச்சா பிரேக்கு இறுகிரும், எதிர்ப்பக்கம் அசிடைல்கோலின் கை ஓங்கும், அப்பம் இறுக்கம், மெதுவான நடை, நடுக்கம் எல்லாம் வரும். உங்க அப்பாக்க கையில ஒரு கேடும் இல்ல, அங்க வந்து சேருற சேதிலதான் பிழை. மனநோய் மருந்து சாப்பிடுறவங்கள ஸ்கேன் பண்ணி பாத்ததுல, நூறு சீட்டுல ஏறக்குறைய எண்பது அடைபட்ட பொறவுதான் இந்த மாதிரி அறிகுறி வருதுன்னு கண்டாங்க. அதுவரைக்கும் வெளிய ஒண்ணும் தெரியாது, உங்க அப்பாவுக்கும் ஒரு வருஷம் ஒண்ணும் தெரியாமதான ஓடியிருக்கு.

இதுக்குள்ள முதல் துப்பு நம்ம மலையில வளருற சர்ப்பகந்திலருந்துதான் கிடைச்சுது. அதுக்க வேர்ல உள்ள ரெசர்பின் ஒரு காலத்துல பிரஷருக்கு பேர்போன மருந்து. அர்விட் கார்ல்சன்னு ஸ்வீடன்காரரு 1957ல முயலுக்கு ரெசர்பின் ஊசி போட்டாரு, முயல் காது தொங்கிப் போய் அசையாம கெடந்துது. அதுக்கு மூளைக்குள்ள போய் டோபமைனா மாறுற லீவோடோபா குடுத்தாரு, கொஞ்ச நேரத்துல எழும்பி ஓடிச்சு. டோபமைன் குறைஞ்சா அசைவு போவும்னு அங்கதான் பிடிபட்டுது, 2000த்துல அவருக்கும் நோபல். ஆனா உங்க அப்பா கதைல ஒரு வித்தியாசம் உண்டு. ரெசர்பின் டோபமைன சேத்து வைக்குற பைய காலி பண்ணும். சின்னாரிசின்ல முக்கியமா சீட்டுதான் போயிருது. சீட்டே இல்லாதப்ப லீவோடோபா குடுத்து ஆள கூட்டி பிரயோஜனம் குறைவு. உங்க டாக்டர் வேற மாத்திரை தராம அனுப்பினது சும்மா இல்ல. உண்மையான பார்க்கின்சன்ல டோபமைன் செய்யுற செல்லே செத்துட்டு வரும், இதுல செல் உயிரோட இருக்கு, துண்ட எடுத்தா திரும்ப உக்காரும்.

நாட்டுமருந்து பிரியன்

பூனைக்காலி விதைய பால்ல அவிச்சு பொடிச்சு சாப்பிட்டா நடுக்கம் நிக்கும்னு எங்க தாத்தா சொல்லுவாரு, எதுக்கு இந்த இங்கிலீஷ் மருந்து.

ஓய்வு விலங்கியல் வாத்தியார், வடசேரி

தாத்தா சொன்னதுல உண்மை இருக்கு தம்பி, பூனைக்காலி விதைல லீவோடோபாவே இருக்கு, உண்மையான நடுக்குவாதத்துக்கு நம்ம பழைய வைத்தியத்துல அத குடுத்ததுக்கு நல்ல காரணம் உண்டு. ஆனா அதுவும் மருந்துதான், விதைக்கு விதை அளவு மாறும், பிரஷர் மாத்திரை சாப்பிடுறவருக்கு பிரஷர் இன்னும் இறங்கி கீழ விழ வைக்கும். இவருக்கு வேண்டியது எடுக்கது, சேக்கது இல்ல.

தக்கலை ஆட்டோக்காரன்

எல்லாரும் நடுக்கத்த பத்தி பேசுறீங்க, தலைசுத்து ஏன் வந்துதுன்னு யாரும் கேக்கல்ல. அத கண்டுபிடிக்கல்லன்னா அப்பா மறுபடியும் அதே கடைக்குதான் போவாரு.

எங்க அம்மாவுக்கு கட்டில்ல ஒரு பக்கமா திரும்பி படுத்தா வீடே சுத்தும், ஒரு நிமிஷத்துல நின்னுரும். ரெண்டு வருஷம் மாத்திரை. கடைசில ஒரு காது டாக்டர் கட்டில்ல உக்கார வச்சு, தலைய ஒரு பக்கம் திருப்பி சட்டுன்னு மல்லாக்க கிடத்தினாரு, கண்ணு தானா துடிச்சுது, எப்ளி முறைன்னு சொல்லி தலைய பைய பைய மத்த பக்கம் திருப்பி எழுப்பி விட்டாரு. காதுக்குள்ள சுண்ணாம்பு மாதிரி பொடி கல்லு எடம் மாறி கிடக்குமாம், அத திரும்ப பழைய எடத்துக்கு உருட்டி விடுறதுதானாம். ரெண்டு தடவைல சரியாச்சு, ஒரு மாத்திரை இல்ல. சுத்தல் மாத்திரைய நாள்கணக்கா போட்டா மூளை தானா நிலைய பழகுறதையும் அது தடுக்கும்னு அவருதான் சொன்னாரு. உங்க அப்பாட்ட சுத்தல் எப்பம் வரும்னு கேளுங்க, படுக்கும்போதா, எழும்பும்போதா, சும்மா இருக்கும்போதேவா.

மஸ்கட்ல ஒரு நர்ஸ், சொந்த ஊரு கருங்கல்

நடுக்கத்துக்கு டிரைஹெக்ஸிபெனிடில்னு ஒரு மாத்திரை உண்டு, யாராவது எங்க மாமாவுக்கு குடுத்தது மிச்சம் இருக்குன்னு கொண்டு வந்து தருவாங்க, வாங்காதீங்க தம்பி. அது அசிடைல்கோலின அடக்கும், நடுக்கம் குறையும், ஆனா வயசானவங்களுக்கு வாய் காஞ்சு மூத்திரம் அடைக்கும், ஆள் பேரு மறக்கும், ராத்திரி எழும்பி எங்க இருக்கேன்னு கேப்பாங்க. நான் வார்டுல பாத்து அழுதிருக்கேன்.

டாக்டர்ட்ட போகும்போ இத சொல்லுங்க: நடுக்கம் ஒரு பக்கமா தொடங்கிச்சா, ரெண்டு கையிலயும் ஒண்ணு போலயா (மாத்திரையால வந்ததுன்னா பெரும்பாலும் ரெண்டு பக்கமும் வரும், பார்க்கின்சன் ஒரு பக்கத்துல தொடங்கும்), மீன்கறி மணம், மல்லிப்பூ மணம் தெரியுதா, ராத்திரி கனவுல கைய கால வீசி உதைக்காரா. மணம் தெரியாம போறதும் கனவுல உதைக்கதும் உண்மையான பார்க்கின்சனுக்கு முன்னாடியே வரக்கூடியது. நடக்குறத போன்ல வீடியோ எடுத்து வைங்க, பதினஞ்சு நாளைக்கு ஒருக்க எடுங்க. நடுக்கம் குறைய ஆறு மாசம் வரைக்கும் ஆகலாம், சிலருக்கு அதுக்கு மேலயும். சில பேருக்கு மாத்திரைய நிறுத்தியும் போவாது, உள்ள பதுங்கி இருந்த நோய மாத்திரை முந்தி காட்டிக் குடுத்ததா இருக்கும், அத திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா ஆஸ்பத்திரி மாதிரி எடத்துல காட்டி உறுதி பண்ணிக்கலாம். அதுவரைக்கும் விழாம பாத்துக்கோங்க, குளிமுறில ஒரு கம்பி பிடி வச்சு குடுங்க.

குலசேகரத்துக்காரன் (ஒன்பது வாரம் கழிச்சு)

இவ்வளவு நாள் எழுதாததுக்கு மன்னிச்சிருங்க, மழை, பொறவு மரத்துக்கு பிளாஸ்டிக் கெட்டுற வேலை.

அக்கா சொன்ன மறுநாளே கேப்சூல கொண்டு போனேன். டாக்டர் அட்டைய பாத்துட்டு இத ஏன் அண்ணைக்கு காட்டல்லன்னு கேட்டாரு, அதையும் நிறுத்தி வெறும் அமில மாத்திரை மட்டும் தந்தாரு. முதல் மூணு வாரம் ஒரு மாத்தமும் இல்ல, எனக்கு நம்பிக்கை போச்சு. அஞ்சாவது வாரம் அம்மா போன் பண்ணி "அப்பா சிரிச்சாரு"ன்னு சொன்னா, டிவில என்னமோ பாத்து சிரிச்சிருக்காரு, அம்மா அழுதுட்டா. வீடியோ ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தேன், கை வீசி நடக்காரு. சீட்டு நோட்டுல எழுத்து பெருசாச்சு. வலது பெருவிரல்ல மட்டும் சாயா கிளாஸ பிடிக்கும்போ இன்னும் ஒரு துடிப்பு இருக்கு, மீன்கறி மணம் வாசல்லயே தெரியுதுங்காரு. டாக்டர் இன்னும் மூணு மாசம் பாப்போம்னு சொல்லியிருக்காரு. ஆட்டோ அண்ணன் சொன்ன மாதிரி கேட்டேன், படுக்கும்போதான் சுத்தல், காது டாக்டர் அதே மாதிரி கிடத்தி திருப்பி விட்டாரு, ஒரே தடவைல போச்சு. ஒன்றரை வருஷம் மாத்திரை சாப்பிட்டது அந்த அஞ்சு நிமிஷ வேலைக்கு பதிலா.

போன வாரம் நான் வெட்டிட்டு இருக்கும்போ கத்திய வாங்கி ரெண்டு மரம் வெட்டினாரு. பழைய சுருள் வரல்ல, விட்டு விட்டு வந்துது. காயம் படல்ல.

இன்னொண்ணு அக்கா. தங்கச்சி ஒத்தைத் தலைவலிக்கு எட்டு மாசமா ஃபுளுனாரிசின் 10 போடுறா. இதுவும் அதே கூட்டமா?

மார்த்தாண்டம் பார்மசி அக்கா

கேக்கவே எவ்வளவு சந்தோஷமா இருக்கு தம்பி, அம்மாட்ட நான் கேட்டதா சொல்லுங்க.

ஆமா, சின்னாரிசினுக்க கூடப்பிறந்தது மாதிரி. ஒத்தைத் தலைவலிக்கு நல்ல மருந்துதான், ஆனா சில மாசம் குடுத்துட்டு இடைவெளி விடணும், எட்டு மாசம் விடாம போறதுன்னா எழுதின டாக்டர்ட்ட ஒருக்க கேக்கத்தான் வேணும். ஒடம்புல பாதி குறையவே ஏறக்குறைய 18 நாள் எடுக்கும், கொழுப்புல போய் தங்கும், அதனால நிறுத்தினாலும் உடனே வெளிய போவாது. மனசு சோர்வா இருக்கா, எடை ஏறியிருக்கா, கை விறைப்பா இருக்கான்னு அவகிட்ட கேளுங்க. மாத்திரை அட்டைய எடுத்துட்டே போகச் சொல்லுங்க, எல்லா அட்டையையும்.